பெயரை மீட்டுத் தந்த பெருமகன்: ஏ. பிலிப் ராண்டால்ப்

ஆண்டுதோறும் நம் சங்க மலரில் சான்றோர் ஒருவரின் வரலாறு வெளிவருவது வழக்கம். புலவர்கள், தேசத் தலைவர்கள், விஞ்ஞானிகள் எனப் பலரைப் பற்றி நம் நண்பர்கள் முந்தைய மலர்களில் எழுதியுள்ளனர். இவ்வாண்டு அப்பணி நம்மிடம் வந்து சேர்ந்தது. ரயில்வே குமாஸ்தா எழுதும் வரலாறு தண்டவாளத்தை விட்டு விலகாதிருப்பதே முறை என்று எண்ணி, கடல் கடந்த நாட்டில் ரயில் தொழிலாளரின் பொருட்டு வாழ்ந்து மறைந்த ஒரு பெருமகனைத் தேர்ந்துகொண்டோம். அவரே ஏசா பிலிப் ராண்டால்ப். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரை அறியாதார் நம்மில் இலர். அக்கிங் நடந்த பாதையை ஒரு தலைமுறைக்கு முன்பே செப்பனிட்டவர் ராண்டால்ப் ஆவார்.

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அமெரிக்கா செல்வத்தின் உச்சியையும் கண்டது, பஞ்சத்தின் அடித்தளத்தையும் கண்டது. அவ்விரண்டிலும் ஏழைத் தொழிலாளியின் நிலை யாதாயிருந்தது என்பதை இவர் வரலாறு நமக்குக் காட்டும்.

இளமை

ராண்டால்ப் 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் பிளாரிடா மாநிலத்தில் கிரெசென்ட் சிட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கறுப்பின மக்களின் திருச்சபை ஒன்றில் போதகர். சபை தந்த சொற்ப வருவாய் போதாமையால் தையல் தொழிலும் செய்தார். அன்னையாரும் தையல் அறிந்தவர். இவருக்கு இரண்டு வயதாகையில் குடும்பம் ஜாக்சன்வில் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அமெரிக்காவில் அடிமை முறை 1865-இலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆயினும் தென் மாநிலங்களில் கறுப்பினத்தார்க்கு ரயிலில் தனிப் பெட்டி, பள்ளியில் தனிக் கட்டடம் என வேற்றுமை நீடித்தது. வாக்குரிமையோ பெயரளவில்தான் இருந்தது. விசாரணையின்றிக் கும்பலாகக் கூடிக் கறுப்பினத்தாரைத் தூக்கிலிடும் கொடுமையும் நடந்து வந்தது. ஒரு சமயம் சிறையிலிருந்த கைதி ஒருவரை அவ்வாறு கொல்ல வெள்ளையர் கும்பல் வரப்போவதாகச் செய்தி பரவிற்று. தந்தையார் வேறு சிலரைக் கூட்டிக்கொண்டு சிறை வாயிலில் காவல் நிற்கப் புறப்பட்டார். அன்னையார் மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் காவலாக வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்தார். அன்றிரவு அக்கைதியின் உயிர் பிழைத்தது. பலர் சேர்ந்து நின்றால் பலவான் பின்வாங்குவான் என்னும் பாடத்தைச் சிறுவன் ராண்டால்ப் ஏட்டில் படிக்கவில்லை, தன் வீட்டிலேயே கண்டுகொண்டான்.

1907-இல் குக்மன் பள்ளியில் முதல் மாணவராகத் தேறினார். ஆயினும் முதல் மாணவர்க்கும் அவ்வூரில் கிட்டியவை எடுபிடி வேலைகளே. ஆகவே 1911-இல் நியூயார்க் நகரம் சென்றார்.

ஹார்லமும் இல்லறமும்

நியூயார்க்கில் ஹார்லம் என்னும் பகுதி அக்காலத்தில் கறுப்பின மக்களின் தலைநகராக உருவாகி வந்தது. தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் வாழ வழியின்றி 1916 முதல் 1930 வரை பதினைந்து லட்சம் பேரளவில் வட நகரங்களுக்குக் குடியேறினர். பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் குடியேறி, அங்கே தமக்கென ஆலயமும் சங்கமும் பத்திரிகையும் அமைத்துக்கொண்டவர்கள் அவர்கள். நம் காலனி வாசகர்கட்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ராண்டால்ப் பகலில் கிடைத்த வேலையைச் செய்து, மாலையில் சிட்டி கல்லூரியில் பொருளாதாரமும் வரலாறும் பயின்றார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் நடிப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். பெற்றோர் ஒப்பாமையால் மேடை ஏறும் எண்ணத்தைக் கைவிட்டார். ஆயினும் அப்பயிற்சியால் வந்த கம்பீரக் குரலும் திருத்தமான உச்சரிப்பும் வாழ்நாள் முழுதும் அவருக்குத் துணை நின்றன. கப்பல் ஒன்றில் பரிமாறுபவராய்ச் சேர்ந்தபோது அங்கிருந்தவர்களைச் சங்கமாகத் திரட்ட முயன்று வேலையையும் இழந்தார்.

1914-இல் லூசில் கிரீன் என்னும் அம்மையாரை மணந்தார். அவர் ஆசிரியையாக இருந்தவர், பின்னர் ஹார்லமில் சிகையலங்கார நிலையம் நடத்தி நன்கு பொருளீட்டியவர். கணவரின் பொதுத் தொண்டுக்கு முதலீடு அவ்வம்மையாரின் சம்பாத்தியமே. இத்தம்பதியர்க்கு மக்கட்பேறு இல்லை.

1917-இல் தம் நண்பர் சாண்ட்லர் ஓவனுடன் சேர்ந்து மெசெஞ்சர் என்னும் திங்களிதழைத் தொடங்கினார். உள்நாட்டில் உரிமையற்ற மக்கள் வெளிநாட்டில் உரிமைக்காகப் போரிடுவது பொருந்துமோ என்று அவ்விதழ் வினவிற்று. அதன் விளைவாக 1918-இல் கிளீவ்லண்ட் நகரில் இருவரும் கைதாயினர். இவ்வளவு செம்மையாக எழுதக் கறுப்பினத்தாரால் இயலாது, வேறு வெள்ளையர் எவரோ எழுதித் தந்திருக்க வேண்டும் என்று கருதிய நீதிபதி இருவரையும் விடுவித்துவிட்டார். இகழ்ச்சியே விடுதலைக்குக் காரணமாயிற்று!

செழிப்பின் காலம்

முதல் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் செல்வம் பெருகியது. 1920-இல் எண்பது லட்சமாக இருந்த மோட்டார் கார்களின் தொகை 1929-இல் இரண்டு கோடியே முப்பது லட்சமாயிற்று. வானொலிப் பெட்டியும் குளிர்பதனப் பெட்டியும் தவணை முறையில் வீடுதோறும் புகுந்தன. பங்குச் சந்தையில் பணம் போடாதவன் அறிவிலி என்று கருதப்பட்ட காலம் அது. ஆனால் உழவர்க்கோ விளைபொருளின் விலை வீழ்ந்தது. தொழிற்சங்கங்கள் நலிந்தன. கறுப்பினத் தொழிலாளர்க்கு, ஏனையோர் வேண்டாமென ஒதுக்கிய வேலைகளே எஞ்சின.

அவற்றுள் மதிப்பு வாய்ந்ததாகக் கருதப்பட்டது புல்மன் ரயில் வண்டியில் போர்ட்டர் வேலை. போர்ட்டர் என்றால் நம் நிலையங்களில் மூட்டை சுமப்பவர் என்று கொள்ளற்க. படுக்கை வசதியுள்ள உயர்தரப் பெட்டியில் பிரயாணிகளுக்குப் படுக்கை விரித்து, பெட்டி படுக்கைகளை ஏற்றி இறக்கி, காலணிக்கு மெருகிட்டு, நள்ளிரவில் மணியடித்தாலும் ஓடிச் சென்று பணிவிடை செய்யும் ஊழியர் அவர். நம் குளிர்சாதனப் பெட்டிகளில் கம்பளியும் விரிப்பும் தரும் அட்டெண்டன்டை நினைவிற் கொண்டால் விளங்கும்.

ஜார்ஜ் புல்மன் என்னும் முதலாளி 1867-இல் தொடங்கிய கம்பெனி அது. அடிமைத் தளையினின்றும் விடுபட்டவர்களையே அவர் இப்பணிக்குத் தேடிச் சேர்த்தார். புல்மன் 1897-இல் மறைந்தபின் கம்பெனியின் தலைமையை ஏற்றவர், அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கனின் மகனார் ராபர்ட் லிங்கன் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1920-க்குப் பின்வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 12,000 போர்ட்டர்கள் பணியாற்றினர். ஓர் இரவில் லட்சம் பேரளவில் அவ்வண்டிகளில் உறங்கினர்.

உறங்காதவர் போர்ட்டர் ஒருவரே. திங்களொன்றுக்கு 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் ஓடினால்தான் முழுச் சம்பளம். 1926-இல் அடிப்படைச் சம்பளம் 67.50 டாலர். வண்டி புறப்படுமுன் பெட்டியைத் தயார் செய்யும் நேரத்துக்குக் கூலி இல்லை. சீருடைக்கும், காலணி மெருகுக்கும், உணவுக்கும் தம் பையிலிருந்தே செலவிட வேண்டும். துவாலை காணாமற் போனால் சம்பளத்தில் பிடித்தம். பிரயாணிகள் தரும் இனாமை நம்பியே குடும்பம் நடந்தது. இனாமை நம்பியவன் இழிசொல்லுக்கும் புன்னகை புரிந்தே தீர வேண்டும். கண்டக்டர் வேலை அறிந்தவராயினும் கறுப்பினத்தார்க்கு அப்பதவி இல்லை.

எல்லாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. பிரயாணிகள் எந்தப் போர்ட்டரையும் அவர் பெயரால் அழைப்பதில்லை. எல்லோரும் ஜார்ஜ்தான்! அடிமைக்கு ஆண்டையின் பெயரை இடும் பழைய வழக்கம் முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயராகத் தொடர்ந்தது. பட்டம் பெற்ற இளைஞர்களும் அப்போர்ட்டர்களுள் இருந்தனர். பேரப்பிள்ளை கண்ட முதியவர்களும் இருந்தனர். படுக்கை விளக்கின் கீழே அனைவரும் ஒரே ஜார்ஜ்.

சங்கம் பிறந்தது

போர்ட்டர்கள் பலமுறை சங்கம் காண முயன்றனர். முயன்றவர் எவராயினும் வேலை இழந்தார். ஆகவே, கம்பெனியால் நீக்க முடியாத ஒருவர் தலைவராக வேண்டுமென ஆஷ்லி டாட்டன் என்னும் போர்ட்டர் எண்ணினார். அவரும் நண்பர்களும் ராண்டால்பை நாடினர். அவர் போர்ட்டர் அல்லர், கம்பெனியில் ஒரு காசும் சம்பளம் பெறுபவர் அல்லர். 1925-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் இரவு, ஹார்லமில் எல்க்ஸ் மண்டபத்தில், படுக்கை வண்டிப் போர்ட்டர்கள் சகோதர சங்கம் தொடங்கப்பெற்றது. வந்திருந்தோருள் ஒற்றர் இருக்கலாம் என்பதால் போர்ட்டர்கள் எவரும் வாய் திறக்க வேண்டாமென ஏற்பாடு செய்து, ராண்டால்ப் தாமே பேசி முடித்தார்.

சங்கத்தின் கோரிக்கைகள் எளியவை: கூடுதல் சம்பளம், குறைந்த வேலை நேரம், சங்கத்துக்கு அங்கீகாரம், தத்தம் சொந்தப் பெயரால் அழைக்கப்படும் மரியாதை.

கம்பெனி வாளாவிருக்கவில்லை. சங்கத்தில் சேர்ந்தோரை ஒவ்வொருவராக நீக்கிற்று. தன் கைப்பாவையாக ஒரு போட்டிச் சங்கத்தை வளர்த்தது. பிலிப்பைன் நாட்டவரைச் சில பணிகளில் அமர்த்திப் போர்ட்டர்களை அச்சுறுத்திற்று. கறுப்பினப் பத்திரிகைகளுள் பலவும், போதகர்களுள் பலரும் தொடக்கத்தில் கம்பெனியின் பக்கமே நின்றனர். ராண்டால்பை விலைக்கு வாங்கப் பெருந்தொகைக்கு ஒரு காசோலை அனுப்பப்பட்டது என்றும், அதனை அவர் திருப்பிவிட்டார் என்றும் போர்ட்டர்களிடையே வழிவழியாக ஒரு செய்தி வழங்கி வந்தது.

இவ்விடத்தில் தாய்மார்களின் தொண்டைக் கூறாது விடுதல் தகாது. கணவன் சங்கக் கூட்டத்துக்குச் சென்றால் வேலை போய்விடும் என்பதால் மனைவியர் கூடினர், சந்தா சேர்த்தனர், துண்டு வெளியீடுகளைக் கைமாற்றினர். வாஷிங்டன் நகரில் ரோசினா டக்கர் என்னும் அம்மையார் போர்ட்டர்களின் வீடுதோறும் சென்று மறைவாகச் சங்கப் பணி புரிந்தார். அதனை அறிந்த அதிகாரிகள் அவர் கணவரைப் பணியினின்று நீக்கினர். அம்மையார் நேரே அலுவலகம் சென்றார். தாம் செய்யும் பணிக்குத் தம் கணவர் பொறுப்பல்லர் என மேசையைத் தட்டி உரைத்தார். கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவ்வம்மையார் நூறாண்டு கடந்து வாழ்ந்து 1987-இல் மறைந்தார்.

இருண்ட ஆண்டுகள்

1928-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வேலை நிறுத்தம் செய்வதென முடிவாயிற்று. கம்பெனியோ மாற்றாட்களைத் திரட்டி ஆயத்தமாக நின்றது. அரசின் சமரசக் குழுவும் தலையிடவில்லை. அமெரிக்கத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் வில்லியம் கிரீன் அறிவுரை கூறவே, ராண்டால்ப் நிறுத்தத்தைக் கடைசி நேரத்தில் கைவிட்டார். அவர் கோழை என்றும் ஏமாற்றுக்காரர் என்றும் ஏசப்பட்டார். உறுப்பினர் ஆயிரக்கணக்கில் விலகினர். அதே ஆண்டில் மெசெஞ்சர் இதழும் நின்றது.

மறு ஆண்டு, 1929 அக்டோபர் 29, நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. தவணையில் வாங்கிய செழிப்பு தவணையிலேயே கரைந்தது. 1930 முதல் 1933 வரை 9,000 வங்கிகளளவில் மூடப்பட்டன. 1933-இல் உழைக்கும் மக்களுள் நால்வரில் ஒருவர்க்கு வேலையில்லை. உண்டி வழங்கும் இடங்களில் நெடுவரிசைகள் நின்றன. கறுப்பினத்தார் நிலையோ அதனினும் மோசம். ஏனெனில் வேலை குறையும்போது முதலில் விலக்கப்பட்டவர் அவர்களே. பிரயாணிகள் குறைந்தமையால் போர்ட்டர்கள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இனாமும் வற்றிற்று.

1933-இல் சங்கத்தில் எஞ்சியவர் எழுநூறு பேரினும் குறைவு. வாடகை கட்ட இயலாமல் சங்க அலுவலகம் இழந்தது. மின் விளக்கும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டன. லூசில் அம்மையாரின் வாடிக்கையும் குறைந்தது. ராண்டால்ப் தேய்ந்த உடையுடன் ஊர் ஊராகச் சென்றார். சிகாகோவில் கூட்டம் முடிந்தபின் தொப்பியை ஏந்திப் பணம் திரட்டினால்தான் நியூயார்க் திரும்ப ரயில் கட்டணம் சேரும் என்ற நிலை. சிகாகோவில் மில்டன் வெப்ஸ்டர், கலிபோர்னியாவில் டெல்லம்ஸ் போன்ற தோழர்கள் அவரைப் போலவே ஊதியமின்றி ஊன்றி நின்றனர்.

நாம் இவ்வரலாற்றில் பெரிதும் வியப்பது இவ்வைந்தாண்டுகளையே. வெற்றி வரும் என்று அறிந்தபின் பொறுத்திருப்பது எளிது. வரும் என்பதற்கு எவ்வித அறிகுறியும் இல்லாதபோது, தமக்கு ஒரு காசு லாபமில்லாத காரியத்தில், தூற்றியவர்களுக்காகவே நிலைத்து நிற்பது எத்துணை அரிது!

வெற்றி

1933 மார்ச்சில் பிராங்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். புது ஏற்பாடு என்னும் பெயரால் அவர் வகுத்த திட்டங்கள் தொழிலாளர்க்கு முதன்முறையாகச் சட்டத்தின் துணையைத் தந்தன. ஆயின் அவ்வாண்டு வந்த ரயில்வே சட்டத்தில் புல்மன் கம்பெனி அடங்கவில்லை. ராண்டால்ப் சளைக்காமல் வாஷிங்டனில் முறையிட்டார். 1934-இல் ரயில்வே தொழிலாளர் சட்டம் திருத்தப்பெற்றபோது போர்ட்டர்களும் அதன் பாதுகாப்புக்குள் வந்தனர். முதலாளி நடத்தும் போட்டிச் சங்கத்துக்கும் தடை வந்தது.

1935-இல் அரசின் மேற்பார்வையில் போர்ட்டர்களிடையே இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. ராண்டால்பின் சங்கத்துக்கு 5,931 வாக்குகள், எதிர்த்தரப்புக்கு 1,422. அஞ்சி விலகியிருந்தவர்கள் உள்ளத்தால் விலகவில்லை என்பது அன்று வெளிப்பட்டது. அதன் பின்னும் கம்பெனி இரண்டாண்டுகள் பேச்சுவார்த்தையை இழுத்தடித்தது.

இறுதியில் 1937-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஹார்லம் மண்டபத்தில் சங்கம் பிறந்த அதே நாள், சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து! மாத வேலை நேரம் 400 மணியிலிருந்து 240 மணியாகக் குறைந்தது. போர்ட்டர்களின் மொத்த ஊதியம் ஆண்டுக்குப் பன்னிரண்டரை லட்சம் டாலர் உயர்ந்தது. அமெரிக்கப் பெருங்கம்பெனி ஒன்று கறுப்பினத்தார் நடத்தும் சங்கத்தோடு சமமாக அமர்ந்து ஒப்பந்தம் செய்தது அதுவே முதன்முறை.

பிற்காலம்

போர்ட்டர்களின் சங்கம் ஓர் இனத்தின் பாசறையாயிற்று. 1941-இல் இரண்டாம் உலகப் போருக்கான ஆயுதத் தொழிற்சாலைகள் கறுப்பினத்தார்க்கு வேலை மறுத்தபோது, லட்சம் பேருடன் வாஷிங்டன் நோக்கி நடப்போம் என ராண்டால்ப் அறிவித்தார். ஜூலை முதல் நாள் நடைபெறவிருந்த அப்பயணத்துக்கு முன்பாகவே, ஜூன் 25 அன்று ரூஸ்வெல்ட் அவ்வேற்றுமையைத் தடை செய்து ஆணையிட்டார். 1948-இல் ஜனாதிபதி ட்ரூமன் இராணுவத்தில் இன வேற்றுமையை அகற்ற ஆணை பிறப்பித்ததற்கும் இவர் கிளர்ச்சியே பெருந்தூண்டுகோல். நம் காந்தியடிகளின் அறவழிப் போராட்டத்தை அமெரிக்க மண்ணில் நடத்த முனைந்தோருள் இவரும் ஒருவர். 1955-இல் மாண்ட்கமரி நகரப் பேருந்து மறியலை அமைத்தவர்களுள் ஒருவரான ஈ. டி. நிக்சன், இச்சங்கத்தில் வளர்ந்த புல்மன் போர்ட்டரே.

1963 ஆகஸ்டு 28-இல் இரண்டரை லட்சம் பேரளவில் வாஷிங்டனில் திரண்டபோது, எழுபத்து நான்கு வயதான ராண்டால்ப் அதன் தலைவராக மேடையில் நின்றார். மார்ட்டின் லூதர் கிங் உலகறிந்த உரையை ஆற்றியது அம்மேடையில்தான். அந்நாளைக் காண லூசில் அம்மையார் இல்லை. அவ்வாண்டின் முற்பகுதியிலேயே காலமாகிவிட்டார்.

1968-இல் சங்கத் தலைமையினின்றும் ராண்டால்ப் ஓய்வு பெற்றார். விமானமும் மோட்டாரும் பெருகிப் படுக்கை வண்டிகள் மறைந்தமையால் 1978-இல் அச்சங்கம் வேறொரு சங்கத்துடன் இணைந்தது. எச்சங்கத்துடன் தெரியுமோ? ரயில்வே, விமான குமாஸ்தாக்களின் சங்கத்துடன்! இதனைப் படித்தபோது நமக்கு எழுந்த மகிழ்ச்சியை மறைப்பானேன்? மறு ஆண்டு, 1979 மே 16-ஆம் நாள், தமது தொண்ணூறாம் அகவையில் ராண்டால்ப் நியூயார்க்கில் மறைந்தார். இன்று வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷனிலும், பாஸ்டன் நகரின் பேக் பே ஸ்டேஷனிலும் அவர் சிலை உள்ளது. ரயில் நிலையமே அவருக்கு ஏற்ற ஆலயம்.

நமக்குரிய பாடம்

பிழைப்பைத் தேடி இவ்வூருக்கு வந்த புதிதில் நம்மை எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. திருநெல்வேலியாரும் தஞ்சாவூராரும் மலையாளியும் ஆந்திரரும் இவ்வூரார்க்கு ஒரே மதராஸிதான். அது நம் உள்ளத்தைத் தைத்தது. வீட்டில் மனைவியிடமும் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டோம்.

ஆனால் இவ்வரலாற்றை எழுத அமர்ந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்து நம்மை நாணச் செய்தது. நம் பார்சல் ஆபீஸ் வாயிலில் செஞ்சட்டையணிந்த முதியவர் ஒருவர் நாள்தோறும் நிற்பார். பதினாறு ஆண்டுகளாக அவரை நாம் பில்லை எண்ணைச் சொல்லியே அழைத்து வந்தோம். ஊரிலிருந்து நம் அன்னையார் நோயுற்று வந்திறங்கிய நாளில், அவரே நாற்காலியில் அமர்த்தித் தூக்கி மேம்பாலம் கடத்தினார். கூலி கொடுத்தோம், பெயர் கேட்டோமில்லை. தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். வடநாட்டு நிலையங்களிலோ அது உழைப்பவனுக்கே பெயராயிற்று. 2016-ஆம் ஆண்டின் ரயில்வே வரவு செலவு அறிக்கையில் அச்சொல்லை நீக்கிச் சஹாயக் என வழங்குமாறு அறிவித்தனர். சொல் மாறினால் மட்டும் போதாது. அதுவும் அனைவர்க்கும் பொதுப் பெயர்தானே?

சென்ற வாரம் அம்முதியவரிடம் பெயரும் ஊரும் கேட்டோம். அவர் முதலில் ஏதோ புகார் வந்துவிட்டதென அஞ்சினார். பிறகே சொன்னார். கேட்கவே பதினாறு ஆண்டுகள் ஆயின என்பது நம் குறை, அதனை ஒப்புக்கொள்கிறோம்.

அன்பர்களே! ராண்டால்ப் பன்னிரண்டு ஆண்டுகள் போராடி ஈட்டித் தந்தவற்றுள் டாலரைக் கணக்கிடலாம், மணி நேரத்தையும் கணக்கிடலாம். ஜார்ஜ் என்று அழைக்கப்பட்டவன் தன் பெயரோடு தலைநிமிர்ந்து நடந்ததைக் கணக்கிட இயலாது. நம் காலனியில் பால் கொணர்பவரும், குப்பை அள்ளுபவரும், வாயிலில் இரவெல்லாம் விழித்திருப்பவரும் உளர். அவர்கள் பெயர்களை நம் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும். அதுவே இப்பெருமகனுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.

வாழ்க உழைப்போர்! வளர்க நம் சங்கம்!